‘செல்ஃப்’ எடுக்கலியா? அண்ணாமலையார் ஊரில் ஒரு சொல்லின் கதை!

பௌர்ணமிக்கு மறுநாள் காலை. திருவண்ணாமலை செங்கம் சாலை ஓரம். இரவெல்லாம் 14 கிலோமீட்டர் கிரிவலம் நடந்துவிட்டு, கால் வலியோடு ஸ்கூட்டரை நிறுத்திய இடத்துக்குத் திரும்பியிருக்கிறார்கள் ஒரு கணவனும் மனைவியும். பட்டனை அழுத்தினால் ‘டிக்... டிக்...’ என்ற சத்தம் மட்டும் வருகிறது. வண்டி அசைய மாட்டேன் என்கிறது. பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருப்பவர் கிளாஸை வைக்காமலே கேட்கிறார்: “என்னா சார், செல்ஃப் எடுக்கலியா?”

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி காதில் விழாதவர் இருக்க முடியாது. இங்கிலீஷே தெரியாத பாட்டிக்கும் இது புரியும். வண்டி என்றில்லை, காலையில் எழுந்து அரை மணி நேரம் பித்துப் பிடித்ததுபோல் உட்கார்ந்திருக்கும் பேரனைப் பார்த்தும் வீட்டில் இதையே கேட்கிறார்கள்: “என்னடா, இன்னும் செல்ஃப் எடுக்கலியா?”

அதே செங்கம் சாலையில்தான் ரமணாசிரமம் இருக்கிறது. அங்குள்ள புத்தக நிலையத்தில் ஆங்கில நூல்களின் பக்கம் நின்று பார்த்தால், அட்டைக்கு அட்டை அதே சொல் கண்ணில் படும். செல்ஃப் நாலெட்ஜ், செல்ஃப் ரியலைசேஷன், செல்ஃப் என்கொயரி. உலகின் எங்கெங்கிருந்தோ விமானம் ஏறி வருகிறவர்கள் அந்தச் சொல்லைத் தேடித்தான் இந்த ஊருக்கு வருகிறார்கள். வெளியே மெக்கானிக் கடையில் அதே சொல்லை ஸ்பானரால் கழற்றிக் கீழே வைத்திருக்கிறார்கள்.

ஒரே சொல். மெக்கானிக் சொல்வதும் செல்ஃப், வெள்ளைக்காரர் கண்மூடித் தேடுவதும் செல்ஃப். நடுவில் வங்கி கவுன்ட்டரில் ஒன்று, ஹோட்டல் போர்டில் ஒன்று, கையில் இருக்கும் போனில் ஒன்று. இந்தச் சின்னச் சொல் எப்படி இத்தனை வேலை பார்க்கிறது?

பாட்டரி இல்லாமல் செல்ஃப் இல்லை

முதலில் அந்த ஸ்கூட்டரைப் பார்த்துவிடலாம்.

மோட்டார் வாகனம் வந்த புதிதில், இன்ஜினை யாராவது கையால் சுற்றிக் கிளப்ப வேண்டியிருந்தது. காரின் முன்னால் ஒரு இரும்பு ஹேண்டிலைச் செருகிச் சுற்ற வேண்டும். சில சமயம் இன்ஜின் எதிர்ப்பக்கமாக உதைக்கும், சுற்றியவரின் கை உடையும். இந்தத் தொல்லைக்கு முடிவு கட்டியவர் சார்லஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கப் பொறியாளர். அவருடைய மின்சார ஸ்டார்ட்டர் 1912-ம் ஆண்டின் காடிலாக் காரில் வந்தது. யாரும் சுற்ற வேண்டாம், வண்டி தானே கிளம்பும் என்பதால் அதற்கு ‘செல்ஃப் ஸ்டார்ட்டர்’ என்று பெயர். நம் ஊரில் ஸ்டார்ட்டரை உதிர்த்துவிட்டு, செல்ஃபை மட்டும் வைத்துக்கொண்டோம். அம்பாசடர் காரை ஹேண்டில் போட்டுக் கிளப்பிய தலைமுறைக்கும், ஆட்டோவின் கீழே இருக்கும் லீவரைக் கையால் வெடுக்கென்று இழுத்துக் கிளப்பிய டிரைவர்களுக்கும் ‘செல்ஃப்’ என்பது ஒரு சொகுசு.

பெயரில்தான் ‘தானே’ இருக்கிறது. உண்மையில் அந்த ‘தானே’ முழுக்க முழுக்க இன்னொன்றின் தயவில் நடக்கிறது. பட்டனை அழுத்தினால் பாட்டரியிலிருந்து ரிலே வழியாகப் பெரிய அளவில் கரன்ட் பாய்ந்து செல்ஃப் மோட்டாரைச் சுற்றுகிறது. அந்த மோட்டார் பல்சக்கரங்கள் வழியாக இன்ஜினைச் சுற்றிவிடுகிறது. இன்ஜின் ஓடத் தொடங்கியதும் செல்ஃப் விலகிக்கொள்கிறது. பாட்டரி பலவீனமாக இருந்தால் ரிலே மட்டும் ‘டிக்’ என்று துடிக்கும், மோட்டார் சுற்றாது. அந்த நேரத்தில் ஹாரனை அடித்துப் பாருங்கள், சளி பிடித்த குரலில் கத்தும். ஹாரன் கணீரென்று கேட்டும் வண்டி எடுக்கவில்லை என்றால், ரிலே அல்லது மோட்டாருக்குள் இருக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். மெக்கானிக்கிடம் போகும்முன் இவ்வளவு தெரிந்திருந்தால் பர்ஸுக்கு நல்லது.

ஆனால் வண்டி நிற்கும்போது பழி விழுவது பாட்டரி மேல் இல்லை. “செல்ஃப் போயிடுச்சு” என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள்.

அலமாரியும் செல்ஃப், அலட்டலும் செல்ஃப்

இனி மற்ற செல்ஃப்கள். இவற்றில் சிலவற்றை விரைவாகவே கடந்துவிடலாம்.

வங்கியில் சொந்தக் கணக்கிலிருந்து பணம் எடுக்க செக்கில் பெயர் எழுதும் இடத்தில் ‘செல்ஃப்’ என்று எழுதிக் கொடுக்கிறோம். இங்கே அதற்கு அர்த்தம் ‘எனக்கே’. ஆனால் ‘பேரர்’ என்ற சொல் அடிக்கப்படாமல் இருந்து, அந்த செக் வழியில் தொலைந்தால், கண்டெடுத்தவரும் அந்த ‘எனக்கே’வுக்கு உரிமை கொண்டாடப் பார்க்கலாம். சிறு ஹோட்டல்களில் ‘செல்ஃப் சர்வீஸ்’ என்றால், டோக்கன் வாங்கி, தட்டை நாமே தூக்கி வர வேண்டும் என்று அர்த்தம். வாடகைக்கு வண்டி விடும் கடையில் ‘செல்ஃப் டிரைவ்’ என்றால் டிரைவர் கிடையாது. கல்லூரி சேர்க்கையில் ‘செல்ஃப் பைனான்ஸ்’ என்றால் அப்பாவின் முகம் மாறும். தமிழ்நாட்டில் 1984 வாக்கில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் வரத் தொடங்கியதிலிருந்து, அந்த ‘செல்ஃப்’ யாருடைய பர்ஸைக் குறிக்கிறது என்பது பெற்றோருக்குத் தெரிந்த ரகசியம்.

தன்னைத் தானே புகழ்ந்துகொள்கிறவரைத் தமிழ்ப் பிள்ளைகள் ‘செல்ஃப் டப்பா அடிக்கிறான்’ என்கிறார்கள். இது எந்த ஆங்கில அகராதியிலும் இருக்காது. தம்பட்டம் என்ற பழைய சொல்லுக்கு இருந்த ஓசையை டப்பாவில் தட்டி எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

சமையலறையில் இன்னொரு செல்ஃப் இருக்கிறது. “மிளகாய்த்தூள் எங்கேம்மா?” என்றால், “மேல் செல்ஃப்ல இருக்கு பாரு” என்று பதில் வரும். ஆங்கிலத்தில் அது வேறு சொல், ஷெல்ஃப். பிறப்பும் வேறு, அர்த்தமும் வேறு. ‘ஷ’வை நாக்கு ‘ச’ ஆக்கிக்கொண்டதால் இரண்டும் தமிழில் இரட்டைப் பிள்ளைகள் ஆகிவிட்டன. போதாக்குறைக்கு ‘செல்’லும் வந்தது. ‘செல்’லில் எடுப்பதால்தான் ‘செல்ஃபி’ என்று நினைத்துக்கொள்ளத் தமிழில் முழு வசதி இருக்கிறது. உண்மையில் செல்ஃபியின் வேர் செல்ஃப்தான். ஆஸ்திரேலியர்களுக்கு எந்தச் சொல்லையும் சுருக்கி ‘ஈ’ என்று கொஞ்சலாக முடிக்கும் பழக்கம் உண்டு. 2002-ல் அங்கே ஒருவர் பயன்படுத்தியதே இதுவரை கிடைத்த பழைய சான்று. 2013-ல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதி அதை ஆண்டின் சொல்லாக அறிவித்தது. தமிழில் சுயமி, தாமி, தற்படம் என்று மூன்று பெயர்கள் வைத்துப் பார்த்தார்கள். மூன்றும் அழகான பெயர்கள்தான். ஆனாலும் 217 அடி ராஜகோபுரத்தைப் பின்னால் வைத்துக் கையை நீட்டும் யாரும் “வா, ஒரு தாமி எடுக்கலாம்” என்று சொல்வதாகத் தெரியவில்லை.

தன்... தற்... சுய...

ஆங்கிலம் ஒரே செல்ஃபை வைத்துச் செய்யும் வேலையைத் தமிழ் பல கைகளுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. நம் மொழியின் சொந்தச் சொல் ‘தான்’. அது உருமாறி ‘தன்’ ஆகும். தன்னம்பிக்கை, தன்மானம், தன்னலம், தன்னாட்சி எல்லாம் அதிலிருந்து வந்தவை. வல்லின எழுத்து பக்கத்தில் வந்தால் அதுவே ‘தற்’ ஆகும். தற்காப்பு, தற்பெருமை, தற்சார்பு, தற்கொலை. இலக்கண வகுப்பில் படித்த தன்மை, முன்னிலை, படர்க்கை நினைவிருக்கிறதா? ‘நான்’, ‘நாம்’ ஆகியவை தன்மை. அந்தப் பெயரிலேயே ‘தன்’ உட்கார்ந்திருக்கிறது.

வடமொழியிலிருந்து வந்தது ‘சுய’. சுயநலம், சுயசரிதை, சுயதொழில், சுயாட்சி. ஆன்மிகம் என்று வந்தால் ‘ஆத்ம’, ‘ஆன்ம’. இயந்திரம் என்றால் ‘தானியங்கி’. எந்த இடத்தில் எது பொருந்தும் என்று யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. ஆனாலும் தமிழ் பேசுகிறவர் தவறுவதில்லை. ‘தற்காப்புக் கலை’யை யாரும் ‘ஆத்ம காப்புக் கலை’ என்று சொல்வதில்லை.

தமிழில் ‘தான்’ செய்யும் இன்னொரு காரியம் வேடிக்கையானது. “தான் என்ற திமிர்” என்கிறோம். அங்கே அது அகந்தை. வேதாந்த நூல்களில் ‘தன்னை அறிதல்’ என்னும்போது அதே சொல் அகந்தை எல்லாம் போன பிறகு மிஞ்சுவதைக் குறிக்கிறது. “அவர்தான் வந்தார்” என்னும்போது இரண்டும் இல்லை, வெறும் அழுத்தம். ஒரு வாக்கியத்துக்குள் மூன்றும் வந்தாலும் தமிழ்க் காது குழம்புவதில்லை. இந்த விஷயம் பின்னால் தேவைப்படும்.

‘சுய’ என்ற சொல்லுக்குத் தமிழ்நாட்டில் ஒரு தனி வரலாறு உண்டு. பொதுவாக மரியாதை என்பது அடுத்தவர் கொடுப்பது. ‘வா’வா ‘வாங்க’வா என்பதிலேயே அது தெரிந்துவிடும் மொழி நம்முடையது. அந்த மரியாதையை ஒருவர் தனக்குத் தானே கொடுத்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னது சுயமரியாதை இயக்கம். 1925-ல் ஈரோட்டில் ‘குடிஅரசு’ வார இதழைத் தொடங்கிய பெரியார், அந்தச் சொல்லைப் பட்டிதொட்டி எங்கும் கொண்டுபோனார். 1929-ல் செங்கல்பட்டில் நடந்த முதல் மாகாண மாநாட்டில், பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் சாதிப் பட்டத்தை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். புரோகிதரும் சடங்கும் இல்லாத சுயமரியாதைத் திருமணத்துக்கு, அண்ணா முதல்வராக இருந்த 1967-ல் சட்டம் வந்தது. ஆங்கிலத்தில் ‘செல்ஃப் ரெஸ்பெக்ட்’ என்பது ஒரு குணத்தின் பெயர். தமிழில் அது ஒரு இயக்கமாகி, திருமண முறையாகி, சட்டப் புத்தகத்திலும் ஏறிவிட்டது.

இன்னொன்று, சுய உதவிக் குழு. 1989-ல் பக்கத்து மாவட்டமான தருமபுரியில், வேளாண் மேம்பாட்டுக்கான பன்னாட்டு நிதியத்தின் உதவியோடு தொடங்கிய மகளிர் குழுக்கள் பிறகு தமிழ்நாடு முழுக்கப் பரவின. கிராமங்களில் அதை ‘குழு’ என்று சொன்னாலே போதும். ‘குழுப் பணம் கட்டணும்’ என்ற கவலை இல்லாத தெரு குறைவு. செல்ஃப் ஹெல்ப் என்பதை ஆங்கிலத்தில் கேட்டால், ஒரு மனிதர் தனியாகப் புத்தகம் படித்து முன்னேறுவதுதான் நினைவுக்கு வரும். இங்கே 12 முதல் 20 பெண்கள் சேர்ந்தால்தான் அது ‘சுய’ உதவி. வங்கியில் பணம் எடுக்க ஒருவர் கையெழுத்து போதாது, பொறுப்பில் இருக்கும் இன்னொருவரும் போட வேண்டும். அதுவரை கைநாட்டு வைத்துவந்த எத்தனையோ பெண்கள், கரும்பலகையில் தங்கள் பெயரை எழுத்தெழுத்தாகப் பழகியது இந்தக் குழுக் கூட்டங்களில்தான். ‘தன்’ பெயரைத் தன் கையால் எழுதுவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

கையெழுத்து என்றதும் ‘சுய சான்றொப்பம்’ நினைவுக்கு வருகிறது. முன்பெல்லாம் சர்டிபிகேட் நகலில் பச்சை மையில் கையெழுத்து வாங்க, அரசு அதிகாரி வீட்டு வாசலில் தவம் கிடக்க வேண்டும். 2014 வாக்கில் மத்திய அரசு அதை மாற்றி, பெரும்பாலான இடங்களில் விண்ணப்பிப்பவரே கையெழுத்துப் போட்டால் போதும் என்றது. ‘நான் நான்தான்’ என்பதற்கு இப்போது நானே சாட்சி.

1879-ல் பிறந்த இருவர்

‘நான் நான்தான்’ என்பதை அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்ளாத ஒருவர் இந்த ஊரில் 54 ஆண்டுகள் வாழ்ந்தார். பெரியார் பிறந்தது 1879 செப்டம்பர் 17. ரமணர் பிறந்தது அதே ஆண்டு டிசம்பர் 30. மூன்றரை மாத இடைவெளி. ஒருவர் கோயிலும் சாமியும் வேண்டாம் என்றவர், மற்றவர் மலையையே சாமியாகக் கண்டவர். இருவரும் ஒரே மேடையில் பேசியிருக்க வழியில்லை. ஆனால் ஆங்கிலத்தில் இருவரைப் பற்றியும் எழுத வேண்டுமென்றால், ஒரே சொல் இல்லாமல் முடியாது. ஒருவருக்கு செல்ஃப் ரெஸ்பெக்ட், மற்றவருக்கு செல்ஃப் என்கொயரி. ஒருவர் அந்த ‘தன்’னுக்கு மரியாதை கேட்டார். மற்றவர் அந்த ‘தான்’ யார் என்று கேட்டார்.

ரமணரின் கதையில் ஆங்கிலத்துக்கு ஒரு விசித்திரமான இடம் உண்டு. அப்போது அவர் பெயர் வெங்கட்ராமன். மதுரையில் அமெரிக்கன் மிஷன் பள்ளியில் படித்த 16 வயதுப் பையன். 1896 ஆகஸ்ட் 29 அன்று வீட்டுப் பாடத்துக்குத் தண்டனையாக, பெயின் என்பவர் எழுதிய ஆங்கில இலக்கணப் புத்தகத்தின் பாடம் ஒன்றை மூன்று முறை எழுதிக்கொண்டிருந்தான். இரண்டு முறை எழுதியாயிற்று. மூன்றாவதை எழுதவில்லை. நோட்டை ஒதுக்கிவிட்டுக் கண்மூடி உட்கார்ந்தான். அண்ணன் பார்த்துவிட்டுக் கடிந்துகொண்டார். அன்றைக்கே வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டான்.

அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்காகக் கையில் வந்த 5 ரூபாயில் 3 ரூபாயை எடுத்துக்கொண்டு, மீதி 2 ரூபாயை ஒரு கடிதத்தோடு வைத்துவிட்டுப் போனான். கட்டணம் இன்னும் கட்டவில்லை என்பதையும் மறக்காமல் எழுதியிருந்தான். அந்தக் கடிதம் தமிழில் எழுதப்பட்டது. மிகச் சிறியது. ஆனால் தமிழில் எழுதப்பட்ட கடிதங்களிலேயே இவ்வளவு யோசிக்க வைப்பது வேறொன்று இருக்குமா என்பது சந்தேகம். அது ‘நான்’ என்று தொடங்குகிறது. அடுத்த வரிகளில் எழுதுகிறவர் தன்னையே ‘இது’ என்று சொல்லத் தொடங்கிவிடுகிறார். கடைசியில், பெயர் இருக்க வேண்டிய இடத்தில், பெயர் இல்லை. ஒரு கோடு மட்டும்.

செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை வந்து சேர்ந்தார். பிறகு பேசவே இல்லை. ஊர்க்காரர்கள் அவரை பிராமண சுவாமி என்றார்கள். ஊருக்கு வெளியே குருமூர்த்தத்தில் இருந்த காலத்தில், தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்த பக்தர் ஒருவர், பெயரும் ஊரும் தெரியாமல் போவதில்லை என்று அடம்பிடித்தார். வேறு வழியில்லாமல் அவர் எழுதிக் காட்டியது ஆங்கிலத்தில்: வெங்கட்ராமன், திருச்சுழி. சுவாமிக்கு இங்கிலீஷ் தெரியும் என்பது முதல் அதிர்ச்சி. ‘ழி’யை ஆங்கில எழுத்தில் பார்த்து ஊர்ப் பெயரைப் படிக்க முடியாமல் பக்தர் விழித்தது இரண்டாவது. கடைசியில் பக்கத்தில் இருந்த பெரிய புராணத்தைப் புரட்டி, அதில் அந்த ஊரின் பெயரைத் தமிழிலேயே காட்ட வேண்டியதாயிற்று. ‘ரமண மகரிஷி’ என்ற பெயரும் அவர் வைத்துக்கொண்டது அல்ல. 1907-ல் காவ்யகண்ட கணபதி முனிவர் அழைத்தது, நிலைத்துவிட்டது.

1902 வாக்கில் விருபாக்ஷ குகைக்கு வந்தார் சிவப்பிரகாசம் பிள்ளை. வருவாய்த் துறையில் வேலை பார்த்தவர், தத்துவம் படித்தவர். அவர் கேட்ட முதல் கேள்வியே ‘நான் யார்?’ அப்போதும் ரமணர் பேசுவதில்லை என்பதால், பதில்கள் மணலிலும் சிலேட்டிலும் எழுதப்பட்டன. அவற்றைப் பிள்ளை பத்திரமாகக் குறித்து வைத்துக்கொண்டார். 1923-ல் அது ‘நான் யார்?’ என்ற சிறு நூலாக வந்தது. தலைப்பில் செல்ஃப் இல்லை, ஆத்மா இல்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த இரண்டு சொற்கள்.

காதில் கேட்காத பெரிய எழுத்து

1930-களில் ரமணரைத் தேடி வெளிநாட்டினர் அதிகமாக வரத் தொடங்கினார்கள். பால் பிரண்டன் எழுதிய நூல் 1934-ல் வெளியாகி அவரை மேற்குலகுக்குக் கொண்டுபோனது. 1938-ல் நாவலாசிரியர் சோமர்செட் மாம் வந்தார். வந்தவர்கள் ஆங்கிலத்தில் கேட்பார்கள். ரமணர் பெரும்பாலும் தமிழில் பதில் சொல்வார். அருகில் இருப்பவர்கள் மொழிபெயர்ப்பார்கள். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

தமிழில் அவர் ‘நான்’ என்பார், ‘தான்’ என்பார், ‘ஆன்மா’ என்பார், ‘சொரூபம்’ என்பார். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நிறம். ஆங்கிலத்துக்குப் போகும்போது இவற்றில் பாதிக்கு மேல் ‘செல்ஃப்’ என்ற ஒரே பெட்டிக்குள் அடைந்தன. அகந்தையைக் குறிக்கும் சாதாரண ‘தான்’ வேறு, அது கரைந்தபின் மிஞ்சும் ‘தான்’ வேறு என்பதைக் காட்ட, மொழிபெயர்ப்பாளர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். முதலாவதற்குச் சின்ன ‘எஸ்’, இரண்டாவதற்குப் பெரிய ‘எஸ்’.

தாளில் இது நன்றாக வேலை செய்கிறது. ஆனால் வாசித்துக் காட்டினால்? பெரிய எழுத்துக்குத் தனியாக ஓசை கிடையாது. “உன் செல்ஃபை விடு, செல்ஃபாக இரு” என்று ஆங்கிலத்தில் சொன்னால், கேட்பவருக்கு விட வேண்டியது எது, இருக்க வேண்டியது எது என்று தெரியாது. ‘நான்’ என்பதற்கோ இன்னும் சங்கடம். ஆங்கிலத்தில் ‘ஐ’ எப்போதுமே பெரிய எழுத்துதான், சின்னதாக்க வழியே இல்லை. அதனால் ரமணர் ‘நான் நான்’ என்று சொன்ன இடத்தில், இரண்டு ‘ஐ’களுக்கு நடுவே ஒரு சிறு கோடு போட்டுச் சமாளித்தார்கள்.

தமிழிலோ பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேச்சே இல்லை. எல்லா எழுத்தும் ஒரே உயரம். அகந்தைத் ‘தானு’க்கும் மற்றத் ‘தானு’க்கும் எழுத்தில் வித்தியாசம் இல்லாததால், கேட்பவர்தான் ஒவ்வொரு முறையும் எது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ரமணர் செய்யச் சொன்ன வேலையும் ஏறக்குறைய அதுதான். மொழிபெயர்ப்பாளர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் இல்லாவிட்டால் இந்த மலையின் பெயர் கடல் தாண்டியிருக்காது. ஆனால் பெரிய ‘எஸ்’ போட்டவுடன், அது எங்கோ இருக்கும் ஒரு பெரிய பொருள்போலவும், தேடி அடைய வேண்டிய பதவிபோலவும் தோன்றிவிடுகிறது. ஏற்கெனவே இருப்பதைப் புதிதாக அடைய என்ன இருக்கிறது என்பதைத்தான் ரமணர் வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது இதற்கு இன்னொரு திருப்பம். ஆங்கில வழியில் படித்து, ஐ.டி. வேலையில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகள் பலர் ரமணரை முதலில் ஆங்கிலத்தில்தான் படிக்கிறார்கள். படித்ததை அம்மாவிடம் தமிழில் சொல்ல வேண்டிய நேரத்தில், ‘செல்ஃப் என்கொயரி’ அவர்கள் வாயில் ‘சுய விசாரணை’ ஆகிவிடுகிறது. விசாரணை என்றால் அம்மாவுக்கு போலீஸ் ஸ்டேஷன் நினைவு வரும். தமிழ் நூலில் இருப்பது ‘விசாரம்’. அந்தச் சொல்லுக்கும் இரண்டு முகம் உண்டு. “எதுக்கு இவ்வளவு விசாரப்படுற?” என்று பழைய பாட்டிகள் கேட்டால், கவலைப்படாதே என்று பொருள். ஒன்றைத் துருவித் துருவிப் பார்ப்பதும் விசாரம், மனதைப் போட்டு உருட்டிக்கொண்டிருப்பதும் விசாரம். திருவண்ணாமலையிலிருந்து ஆங்கிலத்துக்குப் போய், ஆங்கிலத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பும்போது, ‘நான் யார்?’ என்ற இரண்டு சொற்கள் இப்படிக் காவல் நிலையம் வரை போய்விட்டு வருகின்றன. அந்தச் சிறு நூல் தமிழிலேயே ஆசிரமத்தில் கிடைக்கிறது. உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் படித்துவிடலாம். அம்மாவும் பிள்ளையும் சேர்ந்தே படிக்கலாம்.

செங்கம் சாலையில் அதற்குள் வெயில் ஏறிவிட்டது. ஸ்கூட்டர்காரர் கடை திறக்கும் வரை காத்திருந்து மெக்கானிக்கைக் கூட்டி வந்திருக்கிறார். செல்ஃப் மோட்டாரையே மாற்ற வேண்டியிருக்கும், எவ்வளவு ஆகுமோ என்று மனைவி கைப்பைக்குள் பார்க்கிறார். மெக்கானிக் ஹாரனை ஒருமுறை அடித்துப் பார்க்கிறார். அது கமறுகிறது. பட்டனை அழுத்தி, காதைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்கிறார்.

“நைட் பூரா லைட்டை ஆஃப் பண்ணாம விட்டுட்டீங்களா சார்?”

அவர் மனைவியைப் பார்க்கிறார். மனைவி மலையைப் பார்க்கிறார்.

“செல்ஃப்ல ஒண்ணும் கோளாறு இல்லக்கா. அது நல்லாத்தான் இருக்கு. பாட்டரிதான் இறங்கிடுச்சி” என்றபடி மெக்கானிக் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, கிக்கரை ஓங்கி ஒரு மிதி மிதிக்கிறார்.